என் கை மட்டும் வந்த படம்

எங்கள் வீட்டுச் சாமான் அறையில் எவர்சில்வர் அண்டா ஒன்று இருக்கிறது. நாலு குடம் தண்ணீர் கொள்ளும். என் மகள் பிறந்த மூன்றாம் மாதம் காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கியது. எங்கள் பக்கத்தில் பெண் பிறந்துவிட்டால் அன்றிலிருந்தே பாத்திரம் சேர்க்கத் தொடங்கிவிடுவோம். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்கி, கடையிலேயே பெயர் வெட்டி, செய்தித்தாளில் சுற்றி அடுக்கி வைப்போம். கல்யாணத்தில் சாமான் பரப்பும் அன்றுதான் அவை வெளிச்சத்தைப் பார்க்கும். அதுவரை அவற்றில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொள்ளக் கூடாது. மகளின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிய மற்றப் பாத்திரங்களெல்லாம் வாங்கின மேனிக்கு இருக்கின்றன. இந்த அண்டாவின் அடிப்பக்கத்தில் மட்டும் மூன்று ஒடுக்கு. சாமான் அறைக்குள் போகும்போதெல்லாம் அந்த மூன்றையும் விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். தடவும்போது என் நாத்தனாரின் முகம் வரும். பன்னிரண்டு வருடமாக அந்த முகம் எனக்கு இதமாக வந்ததே இல்லை.

என் கணவருக்கு ஒரே தங்கை அவள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். நான் கல்யாணமாகி வந்தபோது சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். என் தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் அவள்தான். அப்போது அவளுக்கு இடுப்பு வரை பின்னல் தொங்கும். குனிந்து முடிச்சுப் போடும்போது அந்தப் பின்னல் என் மடியில் விழுந்து கிடந்தது நினைவிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து என் வளைகாப்புக்கு அவள் வந்தாள். முதல் வளையல் நாத்தனார் போட வேண்டும் என்று காத்திருந்தோம். வாசலில் கறுப்பு பேன்ட்டும், கணுக்கால் வரை கயிறு கட்டிய பூட்ஸும், தோளில் கிடாருமாக ஒரு உருவம் வந்து நின்றது. தலையில் வலது பக்கம் முடி இருந்தது, இடது பக்கம் மழித்திருந்தது. காதில் ஐந்து ஊக்கு.

மாமியார்தான் முதலில் பேசினார். “ஏத்தா, பழனிக்கு வேண்டிக்கிட்டுருந்தா முழுசா எறக்கியிருக்கலாமுல்ல?”

“வேண்டுதல் பாதிதாம்மா நெறவேறிருக்கு,” என்றாள் அவள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அண்டை வீட்டுப் பெண்கள், என் அம்மா, வளையல்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏழு மாத வயிற்றோடு, பட்டுச் சேலையில், இரண்டு கையையும் நீட்டியபடி மனையில் உட்கார்ந்திருந்தேன். என் கையை யாரும் பார்க்கவில்லை. ஆல்பத்தில் பாதிப் படங்களில் அவளுடைய பாதித் தலைதான் இருக்கிறது. அவள் என் அருகில் குனிந்து, “என்ன அண்ணி, இம்புட்டு அழகா இருக்கீக,” என்று சொல்லி வளையல் போட்டாள். அதை நான் இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. பாதித் தலையை மட்டும் ஊரெல்லாம் சொன்னேன்.

அவள் பாடியது பங்க் ராக். மூன்று பேர் கொண்ட குழு. ஒரு கிடார், ஒரு பேஸ் கிடார், ஒரு டிரம். சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதைக் கார்டு என்பார்கள்; அதில் மூன்றே மூன்றுதான் மாற்றி மாற்றி வரும். அதை எவ்வளவு வேகமாக வாசிக்க முடியுமோ அவ்வளவு வேகமாக வாசிப்பார்கள். பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தண்ணீர் லாரி வராததைப் பற்றி ஒரு பாட்டு, வீட்டு ஓனர் மாடிக் கதவைப் பூட்டியதைப் பற்றி ஒன்று, பெண்கள் விடுதியில் ஆறு மணிக்கு கேட் மூடுவதைப் பற்றி ஒன்று. பாட்டு என்று நான் சொல்கிறேனே தவிர அது கத்தல்தான். கேட்கிறவர்கள் உட்கார மாட்டார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதிக் குதிப்பார்கள். நான் ஏழு வருடம் முறையாகப் பாட்டு கற்றவள். பள்ளியிலும் கல்லூரியிலும் பரிசு வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு என் பாட்டு ஆலாத்தி எடுக்கும்போதும் ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாடும்போதும் மட்டும் வெளியே வரும். சுருதி என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஒருத்தி மேடையில் நிற்கிறாள். சுருதி சுத்தமாக இருக்கிற நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். ஒருவர் தப்பும் தவறுமாக ஒன்றைச் செய்துவிட்டு வெட்கப்படாமல் நிற்க முடியும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன். அதை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் படங்களில் வர ஆரம்பித்தாள். பெரிய படங்கள் இல்லை. கையில் காசில்லாத இளம் இயக்குநர்கள் நண்பர்களிடம் கேமரா இரவல் வாங்கி எடுக்கும் படங்கள். அவர்களுக்கு இவளுடைய குழு ரொம்ப வசதி. உடை இவர்களுடையது, வாத்தியம் இவர்களுடையது, சண்டைக் காட்சி என்றால் நிஜமாகவே விழுந்து எழுவார்கள், மூன்று வேளை சோறு போட்டால் போதும். ஒரு படத்தில் மதுக்கடையில் பாடினாள். இன்னொன்றில் பேயாக வந்தாள்; “மேக்கப்புக்குச் செலவே இருந்திருக்காதே,” என்றார் மாமியார். அதோடு கச்சேரி வீடியோக்கள். மொட்டை மாடியில், மூடிக் கிடந்த அரிசி ஆலையில், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு அறையில் என்று எடுப்பார்கள். படம் ஆடும், சத்தம் இரையும், அவள் முகம் பாதி இருட்டில் இருக்கும். எல்லா வீடியோவும் ஒரே மாதிரி முடியும். கடைசிப் பாட்டில் அவள் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி முதுகுப் பக்கமாகச் சாய்வாள். கீழே நிற்கும் கூட்டம் கைகளை உயர்த்தி அவளைத் தாங்கிக்கொள்ளும். அப்படியே தலைக்கு மேல் தூக்கிக் கடத்திக்கொண்டு போவார்கள். முன்பின் தெரியாதவர்கள். நான் அந்த வீடியோக்களைத் திட்டிக்கொண்டே ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு ஏழு வயதானபோது அவள் நடித்த ஒரு படத்தைப் பள்ளத்தூரில் எடுத்தார்கள். சென்னையிலிருந்து போகும் ஒரு பாட்டுக் குழுவின் வேன் வழியில் நின்றுவிடுகிறது. அவர்கள் ஒரு பழைய பெரிய வீட்டில் ஒதுங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். வீட்டைப் பார்த்துக்கொண்ட கணக்குப்பிள்ளை வாசலிலேயே டிரம்மை நிறுத்திவிட்டார். “இத இங்குட்டுக் கொண்டாராதீக. காலுக்குக் கால் முள்ளு வச்சிருக்கு. ஆத்தங்குடிக் கல்லுல கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது? அங்குட்டு பெல்ஜியம் கண்ணாடி வேற இருக்கு. அது அதுர்ந்தா எனக்கு நெஞ்சு அதுருமுல்ல.” இயக்குநர் எவ்வளவோ கெஞ்சியும் அவர் மசியவில்லை. டிரம் இல்லாமல் பாட்டுக் காட்சியை எப்படி எடுப்பது? பாத்திரங்களைத் தட்டி வாசிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாத்திரத்துக்கு நாத்தனார் காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

மகள் அத்தையோடு படப்பிடிப்புக்குப் போய்விட்டாள் என்று மாமியார் சொல்ல, மாலையில் பள்ளத்தூர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தபோது கூடத்தின் நடுவே சாக்கு விரித்து, அதன் மேல் என் அண்டாவைக் கவிழ்த்து, ஒரு பையன் இரண்டு குச்சியால் விளாசிக்கொண்டிருந்தான். செய்தித்தாள் கிழிந்து ஓரமாகக் கிடந்தது. யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன். என் மகள் தூணுக்குப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள்.

“நாந்தாம்மா குடுத்தேன். அதுல என் பேருதான போட்டிருக்கு? அப்ப என் அண்டாதான?”

பெயரை வெட்டி வைத்தவள் நான்தான். அது அவளுடையது, ஆனால் அவள் தொடக் கூடாது என்று ஒரு ஏழு வயதுப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது? நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோவிச்சுக்கிறாதீக அண்ணி. தெரியாம எடுத்துட்டோம். ஒடுக்கு எடுத்துத் தந்துர்றேன்.” சுற்றிலும் படக்குழு நின்றது. நான் “பரவாயில்ல” என்றேன். மகள் அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தப் பூட்ஸ் மேல் தன் இரண்டு பாதத்தையும் வைத்து ஏறி நின்றாள். அண்டாவைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் வேறு ஒன்று நடந்தது. அந்த வீட்டுப் பெண்மணியாக நடிக்க மதுரையிலிருந்து வர வேண்டியவருக்குக் காய்ச்சல். “எங்க அண்ணி இருக்காகளே,” என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள். இயக்குநர் என்னிடம் வந்து கேட்டார். காட்சி சின்னதுதான். வேன் நின்றுபோன களைப்பில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் பாதித் தலைப் பாடகிக்கு, அதாவது நாத்தனாருக்கு, நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, “யாரா இருந்தா என்ன, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்,” என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வீட்டில் கட்டும் சேலையில் வரச் சொன்னார்கள். நான் கண்டாங்கி சேலைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். வசனத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

பதினொரு தடவை எடுத்தார்கள். பதினொரு தடவையும் நான் கேமராவைப் பார்த்தேன். “அக்கா, கேமராவைப் பார்க்காதீங்க. அவங்களைப் பாருங்க,” என்று இயக்குநர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். என்னால் முடியவில்லை. இரண்டு அடி தூரத்தில் அவள் முகம் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லும்போதெல்லாம் பார்வை தானாக விலகி, அந்தக் கறுப்புக் கண்ணாடி வட்டத்தில் போய் நின்றது. பதினொன்றாவது தடவை வெயில் போய்விட்டது. “போதும்கா, நல்லா வந்திருக்கு,” என்றார். நான் நம்பினேன்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. அடுத்த வருடம் இணையத்தில் வந்தது. ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு டீச்சர்களை வீட்டுக்கு அழைத்து, வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வைத்து, லேப்டாப்பைத் தொலைக்காட்சியோடு இணைத்து உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து முற்றத்துக் காட்சி வந்தது. நாத்தனாரின் முகம் திரை முழுக்க இருந்தது. ஓரத்திலிருந்து ஒரு கை, வளையலோடு, டம்ளரை நீட்டியது. அவள் வாங்கிக் குடித்தாள். அடுத்த காட்சி வந்துவிட்டது. குரல்கூட இல்லை. தமிழ் டீச்சர்தான் முதலில், “கை நல்லா நடிச்சிருக்கு டீச்சர்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். என் மகள் மட்டும் எதையும் கவனிக்காமல் தொலைக்காட்சி முன்னால் நின்று, அத்தையோடு சேர்ந்து கத்திக் குதித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் முடிவு செய்தேன். என்னைப் படத்திலிருந்து வெட்டச் சொன்னது நாத்தனார்தான். தன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் இருக்கக் கூடாது என்று சொல்லியிருப்பாள். இதற்கு ஒரு ஆதாரமும் என்னிடம் இல்லை. நினைக்க இதமாக இருந்தது, நினைத்தேன்.

பிறகு என் மகள் வளர்ந்தாள். அவளுடைய ஒவ்வொரு வயதிலும் நான் ஒரு படி இறங்கினேன், அத்தை ஒரு படி ஏறினாள். மதிப்பெண் குறைந்தால் முதலில் அத்தைக்குத்தான் போன். வயதுக்கு வந்ததைக்கூட என்னிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டு, மறு நிமிடம் அத்தையிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அங்கே, அழுகை இங்கே என்று எப்படியோ பாகம் பிரிந்துவிட்டது. அழுகைதான் பெரிய பங்கு என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி டிரம் குச்சி வந்தது. தலையணையில் பழகினாள். பிளஸ் டூ முடித்துச் சென்னையில் படிக்கப் போகிறேன் என்றபோது, அத்தை வீட்டுக்கு மாதம் ஒரு தடவைக்கு மேல் போகக் கூடாது என்று கட்டளை போட்டுத்தான் அனுப்பினேன்.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். நாத்தனாரின் அழைப்பு. “அண்ணி, பதறாதீக,” என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கையில் மாவோடு காரில் ஏறிய எனக்கு விராலிமலை தாண்டித்தான் அது காய்ந்து உதிர்வது தெரிந்தது.

நடந்தது இதுதான். குழுவின் டிரம்மர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். அன்று காலை கச்சேரி வீடியோ ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. என் மகள் வாசிக்கிறேன் என்று போயிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். ஊருக்கு வெளியே கல்யாணம் எதுவும் இல்லாத ஒரு மண்டபம்; அறுபது பேர் வந்திருந்தார்கள். கடைசிப் பாட்டில் டிரம்மை விட்டு எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து சாய்வது இந்த முறை என் மகளுடைய ஆசை. சாய்ந்தாள். கூட்டம் அழகாகத் தாங்கியது. பாட்டும் முடிந்துவிட்டது. ஆனால் கேமராக்காரர், படம் தெளிவாக விழவில்லை, இன்னொரு தடவை என்று கேட்டிருக்கிறார். படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இன்னொரு தடவை என்பது சாதாரணம். கூட்டத்துக்கு அது தெரியாது. அவர்கள் தண்ணீர் கேனைத் தேடியும் மின்விசிறியைத் தேடியும் கலைந்துவிட்டார்கள். என் மகள் மறுபடி ஏறினாள், பாட்டு மறுபடி தொடங்கியது, திரும்பிப் பார்க்காமல் சாய்ந்தாள்.

சாயங்காலம் நானும் என் கணவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கழுத்தை ஒட்டிய எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்திருந்தன. “தலை தரையில் பட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்,” என்றார் டாக்டர். ஏன் படவில்லை என்று நான் கேட்கவில்லை. மகள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை நாத்தனாரின் கைக்குள் இருந்தது. நாத்தனார் அதே பூட்ஸில், ரத்தம் காய்ந்த பனியனில், தாடையில் பஞ்சு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் செய்தது அந்தக் கையைப் பிரித்து எடுத்ததுதான். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். பிறகு சொன்னேன்: “இனிமே எங்க வீட்டு வாசப்படிய மிதிக்காத.”

“சரி அண்ணி,” என்றாள்.

பூட்ஸ் சத்தம் வராமல் நடந்து போனாள். மருந்து வாங்கிக்கொண்டு வந்த என் கணவர் கதவருகில் நின்று கேட்டிருக்கிறார். மகளைப் பின் இருக்கையில் படுக்கவைத்து ஊர் திரும்பும்போது, திருமயம் கோட்டை தெரிகிற இடத்தில், சாலையைப் பார்த்தபடியே ஒரு வாக்கியம் சொன்னார். “அது அவ பொறந்த வீடு.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் மகள் என்னோடு இருந்தாள். தலை சீவிவிட்டேன், சோறு ஊட்டினேன். இத்தனை வருடம் நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். கட்டுப் போட்ட கையோடு அந்த வீடியோவைப் போனில் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அவள் மதியம் தூங்கும்போது போனை எடுத்து நானும் பார்க்க ஆரம்பித்தேன். ஏன் பார்க்கிறேன் என்று தெரியாது. முதல் எட்டு பத்துத் தடவை மகளை மட்டும்தான் பார்த்தேன். பெட்டி மேல் நிற்கிறாள், கையை விரிக்கிறாள், சாய்கிறாள், படம் ஆடுகிறது. எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, என் கண் படத்தின் கீழ் மூலைக்குப் போனது.

அங்கே நாத்தனார் இருந்தாள். மகள் பெட்டி மேல் ஏறும்போதே கையை ஆட்டி ஏதோ கத்துகிறாள். பாட்டின் சத்தத்தில் அது கேட்கவில்லை. பிறகு கிடாரைக் கழற்றித் தரையில் எறிகிறாள். மேடையிலிருந்து குதிக்கிறாள். ஆளில்லாத அந்த இடத்துக்கு ஓடி, இரண்டு கையையும் நீட்டி நிற்கிறாள். அவள் எடை என் மகள் எடையில் முக்கால்வாசிகூட இருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து சரிகிறார்கள். மகளின் தலை அவள் நெஞ்சில் விழுகிறது. அவள் தாடை தரையில் மோதுகிறது. அந்தப் பனியனில் இருந்தது என் மகளின் ரத்தம் இல்லை.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. என் பெண் விழும் இடத்தில் கையை நீட்டி நிற்க அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தது, எனக்கு இல்லை. அந்த நேரத்தில் நான் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். அதற்கும் எனக்கு அவள் மேல் பொறாமைதான்.

மகள் எழுந்ததும் கேட்டேன், “அத்தைக்குத் தாடையில எத்தன தையல்?”

“அஞ்சு. நீ அன்னைக்குக் கேக்கவே இல்லையேம்மா.” பிறகு, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டுவதுபோலப் பேசினாள். “அந்தப் பள்ளத்தூர்ப் படத்துல உன் சீனையே தூக்குறதாத்தான் இருந்துச்சாம். எங்க அண்ணி கையாவது இருக்கணும், இல்லைன்னா என் மொகத்தையும் எடுத்துருங்கன்னு அத்தை சண்ட போட்டு வச்சாகளாம். அந்த டைரக்டர்தான் இப்ப மண்டபத்துல கேமரா எடுத்தாரு. அவரு சொன்னாரு.”

“ஏன் அவ எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா, கை மட்டுமாவது வந்துச்சேன்னு சந்தோசப்பட்டிருப்பியா?”

பட்டிருக்க மாட்டேன். கணக்கு டீச்சருக்கு அதுகூடத் தெரியாதா?

அன்று மாலை அவள் அண்டாவைக் கேட்டாள். ஏன் என்று கேட்காமல் எடுத்து வந்தேன். கூடத்தில் சாக்கு விரித்துக் கவிழ்த்தேன். வலது கையில் குச்சியை எடுத்துத் தட்டினாள். ஒரு கை மட்டும் என்பதால் பாட்டு நொண்டியது. “எடது கைக்கு நீ வாம்மா,” என்றாள்.

“எனக்கு என்ன தெரியும்?”

“ஏழு வருஷம் தொடையில தாளம் போட்டுப் பாட்டுக் கத்துக்கிட்டேன்னு எத்தன தடவ சொல்லிருப்ப?”

அவளுடைய இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். இன்னொரு குச்சியை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் லாரிப் பாட்டுதான். முதல் இரண்டு தடவை அவள் முடித்த பிறகும் நான் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை பிடி கிடைத்தது. இரண்டு நிமிடம்தான் பாட்டு. அது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கியது. மகள் போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்தாள். “மொகம் தெரியுற மாதிரி இங்குட்டு வா,” என்றாள். வேண்டாம், கை போதும் என்றேன். படத்தில் அவள் முகம் இருந்தது, அண்டா இருந்தது, ஓரத்தில் என் கை இருந்தது. “அத்தைக்கு அனுப்பட்டா?” என்று கேட்டாள். அனுப்பு என்றேன். பெருந்தன்மையால் இல்லை. இப்போது அவளுடைய இடது கை நான்தான் என்பது அங்கே தெரியட்டும் என்றுதான்.

பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. தையல் போட்ட தாடையோடு பேசுகிற மழுங்கல் இன்னும் போகவில்லை. “அது யாரு கைன்னு தெரியாதா எனக்கு? ரெண்டு எடத்துல தாளம் தப்புது. கேமராவத்தான பாத்துக்கிட்டு இருந்தீக அண்ணி?”

அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வெடித்துச் சிரித்தாள். சிரித்தால் தோள் வலிக்கும் என்று அதைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அதையும் நாத்தனார்தான் கொடுத்தாள். போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். நான் பதினொரு தடவை சொல்லியும் யார் காதிலும் விழாத ஒரு வசனம் என்னிடம் மிச்சம் இருந்தது. கேமரா இல்லை, யாரும் பார்க்கவில்லை. குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “வா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

நாளைக் காலைப் பஸ்ஸில் வருகிறாள். அண்டாவை மறுபடி செய்தித்தாளில் சுற்றி வைக்க எடுத்தபோது விரல் வழக்கம்போல அடியைத் தடவியது. ஒடுக்கு நான்கு இருந்தது. நான்காவது ஓரத்தில், இடது பக்கம். ஒடுக்கு எடுக்கிறவரிடம் பத்தே நிமிட வேலை. பன்னிரண்டு வருடமாகக் கொண்டுபோய்க் கொடுக்காதவள் இனியா கொடுக்கப் போகிறேன்? செய்தித்தாளைத் தூரப் போட்டுவிட்டு, அண்டாவைக் கழுவி, முற்றத்தில் வைத்து, நிறையத் தண்ணீர் பிடித்து மூடியிருக்கிறேன். பயணம் பண்ணி வருகிறவள் கைகால் கழுவட்டும். பணியாரத்துக்கு ஊறப்போட்டாயிற்று. சாப்பிட உட்காரும்போது என் மகள் அவள் பக்கத்தில்தான் போய் உட்காருவாள், தெரியும். நடுவில் நான் உட்காருவதாக இருக்கிறேன்.